பரணிக் கதவு

"இந்தத் தெருவுக்குப் பேர் என்னங்க?" என்று கேட்டாள் பழைய கட்டடங்களைக் கணக்கெடுக்கச் சென்னையிலிருந்து வந்திருந்த சௌமியா.

"சத்திரத் தெரு. ஆடியில வந்து பாரு, கதவில்லாத தெரு," என்றேன்.

அவள் சிரித்தாள். பூ கட்டுகிற கிழவி வேடிக்கை பேசுகிறாள் என்று நினைத்திருப்பாள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

சரவணப் பொய்கைக்கும் மலைப்படிக்கும் நடுவில் கிடக்கிறது எங்கள் தெரு. குளத்து முனையில் நின்று ஒருவர் உரக்கக் கூப்பிட்டால் படி முனையில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார், அவ்வளவுதான் நீளம். ஆனால் அதற்குள் எத்தனை கட்டடம்! குளத்தருகே பிள்ளையார் கோவில். அதை ஒட்டிச் செக்குக்காரர் சத்திரம். அடுத்தது அம்மையார்குப்பத்து நெசவுக்காரர் சத்திரம். அதன் சுவரோடு சுவராக, மலைக்கோவில் மடப்பள்ளியில் சமைக்கிறவர்களின் பஜனை மடம். எதிர்ச்சாரியில் நகரிப் பக்கத்து ஆட்கள் கட்டிய அன்னதானக் கூடமும், எங்கள் பூக்காரர் மண்டபமும். எல்லாமே காவடி எடுத்து வருகிறவர்கள் வந்து தங்குவதற்குக் கட்டியவை. ராஜா கட்டியது ஒன்றுகூடக் கிடையாது. எண்ணெய் ஆட்டினவர்களும், தறியில் உட்கார்ந்தவர்களும், உலை வைத்தவர்களும், பூத் தொடுத்தவர்களும் கட்டினார்கள். அதைச் சொல்லும்போது என் முதுகு தானாக நிமிர்ந்துவிடும்.

கதவு விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கட்டடங்களின் கதவுகளுக்குக் கீல் கிடையாது. ஒரே பலகை போல இழைத்த கனத்த பலாமரக் கதவு. அதன் ஒரு ஓரத்தில் மேலே ஒரு குடுமி, கீழே ஒரு குடுமி, மரத்திலேயே செதுக்கிய முளைகள். இரண்டும் நிலையின் கல்லில் குடைந்த குழிக்குள் உட்கார்ந்து சுழலும். ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள், பரணியன்று, தெருவில் உள்ள எல்லாக் கதவையும் தூக்கிக் கழற்றிவிடுவோம். கழற்றிய கதவைக் கூடத்தில் செங்கல் அடுக்கி அதன் மேல் படுக்க வைத்து, மஞ்சள் துணி விரிப்போம். வருகிற காவடிகளை அதன் மேல்தான் இறக்க வேண்டும். வெறும் தரையில் காவடி படக் கூடாது. தெப்பம் முடிந்த பிறகுதான் கதவு திரும்ப ஏறும். அதுவரைக்கும் யார் வந்தாலும், எந்த ஊர், எந்த ஜனம் என்று கேட்க வாசலில் ஒரு பலகைகூட இருக்காது.

இதில் இன்னொன்று உண்டு. அவரவர் கதவை அவரவர் தூக்கக் கூடாது. அடுத்த சத்திரத்தாரை வெற்றிலைத் தட்டு வைத்துக் கூப்பிட வேண்டும். "எங்க கதவைத் தூக்க வாங்க" என்று வாயால் சொல்லவும் வேண்டும். நெசவுக்காரர் கதவை மடப்பள்ளிக்காரர்கள் தூக்குவார்கள். மடத்துக் கதவை நெசவுக்காரர்கள் தூக்குவார்கள். ஏன் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். எனக்கு எல்லாக் காரணமும் சரியாகத்தான் படுகிறது.

சௌமியா இதையெல்லாம் கேட்டுவிட்டு, "பாட்டி, இந்தத் தெருவை முழுசா ஒரே பழைய பகுதின்னு பதிவு பண்ணப் போறோம். தனித்தனி கட்டடமா இல்ல, தெருவா," என்றாள். அது பங்குனி மாதம். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. நகரிக் கூடத்துக்காரர் அவளுக்கு மோர் கொடுத்தார். செக்குக்காரர் ஒருத்தர் அவள் செருப்பைக்கூட வெயிலிலிருந்து நிழலுக்கு நகர்த்தி வைத்தார்.

அந்த நல்ல பெண்தான், ஒரு கெட்ட நேரத்தில், அந்தக் கேள்வியையும் கேட்டுத் தொலைத்தாள்.

நெசவுக்காரர் சத்திரத்துக்கும் மடத்துக்கும் நடுவில் ஒரு கல்தூண் இருக்கிறது. இரண்டு பக்கத்துத் தாழ்வாரமும் அதன் தலையில்தான் உட்கார்ந்திருக்கிறது. தூணில் செதுக்கிய ஒரு மயில்.

"இந்தத் தூண் யாருதுங்க?"

"எங்களுது," என்றாள் தேவகி. இந்த வருஷம் சத்திரப் பொறுப்பு அவளிடம். புருஷன் துரைக்கண்ணுவோடு சத்திரத்திலேயே ஒரு அறையில் குடியிருக்கிறாள்.

"எங்களோடதுன்னா!" என்றாள் ஜம்பகம். மடத்தில் அவள் வீட்டுக்காரர் அம்பிதான் மூத்தவர். மலையில் சர்க்கரைப் பொங்கல் அவர் கை.

"அது எப்படிங்க மாமி? மயிலு எங்க பக்கம் பாத்துகினு நிக்குது."

"மயில் உன்னைப் பாக்கறதுன்னா தோகை எங்காத்துப் பக்கம்னு அர்த்தம். துணி நெய்யறவாளுக்குக் கல்தூண் எதுக்குடி? பாவு நூல் சுத்தறதுக்கா?"

"சோறு வடிக்கிறவங்களுக்கு எதுக்காம்? கஞ்சிப் பானையைச் சாச்சு வெக்கவா?"

அவ்வளவுதான். சௌமியா பேனாவை மூடிவிட்டாள். நாங்கள் வாயை மூடிவிட்டோம். அவர்கள் இரண்டு பேரும் பேச்சையே மூடிவிட்டார்கள்.

சித்திரையில் மடத்துக்காரர்கள் தூணில் பாதிக்குக் காவி அடித்தார்கள். மறுநாளே துரைக்கண்ணு மறு பாதிக்கு மஞ்சள் அடித்தான். மயிலுக்குத் தலை மஞ்சள், தோகை காவி. அதைப் பார்த்து ஒரு ஆந்திராக்காரர் இதுதான் இந்த ஊர் வழக்கம் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

நான் இடையில் போய்ப் பார்த்தேன். "ஏம்மா தேவகி, ஆடி வருதே. கதவுக்கு இன்னா பண்ணப் போற?"

"காஞ்சனாக்கா, பூவு வாடுது பாருங்க, தண்ணி தெளிங்க," என்றாள்.

ஜம்பகத்திடம் போனேன். "எங்களை யாரும் இன்னும் கூப்பிடலையே. கூப்பிடாத வாசல்ல போய் நிக்கறதுக்கு நாங்க என்ன காக்காயா?" என்றாள்.

ஆடிப் பரணி வந்தது. காலையிலேயே குளத்தங்கரையில் மேளம். செக்குக்காரர் கதவு முதலில் இறங்கியது. இந்தச் சாரியில் வரிசைப்படி அடுத்தது நெசவுக்காரர் கதவு, அதற்கடுத்துதான் மடம். எதிர்ச்சாரியில் எங்கள் கதவும் நகரிக் கதவும் இறங்கின. மேளக்காரர்கள் நெசவுக்காரர் வாசலுக்கு வந்து நின்றார்கள். கதவு மூடியே இருந்தது. சௌமியாவும் படம் எடுக்க வந்து என் பக்கத்தில் நின்றிருந்தாள்.

துரைக்கண்ணுவின் போன் அடித்தது. அவன் எதையும் ஒலிபெருக்கியில் போட்டுத்தான் பேசுவான். தெருவே கேட்டது.

"பாவா, கொளத்துல குளிச்சிகினு இருக்கோம். இதோ காவடி தூக்கிட்டோம். எல்லாம் ரெடிதானே?" பேசினது தேவகியின் தம்பி கண்ணையன். அக்கா புருஷன் அவனுக்குப் பாவா. அம்மையார்குப்பத்துக் காவடிக்கு அவன்தான் முன்னால் நடப்பவன்.

"ஆங், ரெடி ரெடி. வா நீ," என்று சொல்லிவிட்டுத் துரைக்கண்ணு மூடிய கதவைப் பார்த்தான்.

அம்பி மடத்து வாசலில் உட்கார்ந்து பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். அவர் வெட்டிய வேகத்துக்கு அந்தப் பூசணிக்காய் ஏதோ பாவம் செய்திருக்க வேண்டும்.

"தட்டு எடுத்துகினு போயேண்டி," என்றான் துரைக்கண்ணு கதவுக்கு வெளியே நின்று.

"போ மாட்டேன்," என்றாள் தேவகி உள்ளேயிருந்து. "கஞ்சிப் பானைன்னு நான் சொன்னது தப்புதான். பாவு சுத்தறதுக்கான்னு அவங்க சொன்னது தப்பில்லியா? அவங்க மொதல்ல சொன்னாங்க."

"காவடி வந்துகினு இருக்குடி!"

"நம்ம கதவு. நீங்களே தூக்குங்க. நாலு ஆம்பளைங்க இருக்கீங்க. வருஷா வருஷம் அவங்க கதவைத் தூக்கலியா?"

மேளக்காரர் அடிப்பதை நிறுத்தினார். "இன்னாடா இது," என்றார் செக்குக்காரர் ஒருத்தர். யாரும் செய்யாத காரியம். ஆனால் குளத்துப் பக்கமிருந்து அரோகரா சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது. துரைக்கண்ணு வேட்டியை மடித்துக் கட்டினான். தறி ஓட்டுகிற மூன்று பேர் கூடச் சேர்ந்தார்கள். கதவு முழுதாகச் சாத்தியிருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தார்கள். ஓரத்தில் கை கொடுத்து, "ஏய், ஹோ!" என்று ஒரே மூச்சில் தூக்கினார்கள்.

கீழ்க்குடுமி குழியைவிட்டு வெளியே வந்தது. உடனே மேலே கல்லுக்குள் 'மடக்' என்று ஒரு சத்தம். கதவு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அடிப்பக்கம் ஒரு சாண் உள்ளே தள்ளிக்கொண்டு, நிலைக்குள் கோணலாகக் கடித்துக்கொண்டு நின்றது. பூனை போகலாம். ஆள் போக முடியாது. அந்தச் சத்திரத்துக்குப் பின்வாசலும் கிடையாது, பின்சுவருக்கு அப்பால் மலைப்பாறைதான். தேவகி உள்ளே. காவடி வெளியே.

"இன்னொரு தபா தூக்குடா!" என்றான் துரைக்கண்ணு. தூக்கினார்கள். மரம் முனகியது.

"நிறுத்துடா! டேய் துரை, நிறுத்து! குடுமி ஒடிஞ்சுடும்!"

அம்பிதான். கையில் பூசணித் துண்டோடு எழுந்து ஓடி வந்தவர் தூணருகே வந்ததும் பிரேக் போட்டது போல நின்றார்.

"முழுசாச் சாத்தி வெச்சுத் தூக்கினயா?"

"ஆமாம். எப்பவும் அப்படித்தானே தூக்குவோம்?"

"அது எங்க கதவுடா! எங்க கதவைத்தான் முழுசாச் சாத்தணும். உங்க கதவைப் பாதி திறந்து வெச்சுத் தூக்கணும். இல்லேன்னா மேல் குடுமி கல்லைக் கடிச்சிண்டுடும். இது தெரியாதா உனக்கு?"

துரைக்கண்ணு அவரைப் பார்த்தான், கதவைப் பார்த்தான். "எனக்கு எப்படி சாமி தெரியும்? எங்க கதவை நான் எந்தக் காலத்துல தூக்கியிருக்கேன்?"

தெரு மொத்தமும் சிரித்துவிட்டது. பின்னே? தாத்தா காலத்திலிருந்து அவன் வீட்டார் கை பழகினது மடத்துக் கதவில். அம்பி வீட்டார் கை பழகினது இவன் கதவில். பிறந்ததிலிருந்து நுழைந்து வருகிற தன் வாசலைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது. அம்பிக்கும் மடத்துக் கதவின் சூட்சுமம் கேள்விஞானம்தான்.

"அப்போ வந்து எறக்குங்க சாமி," என்றான் துரைக்கண்ணு.

"அது முடியாது," என்றார் அம்பி. தூணுக்கு இந்தப் பக்கமே நின்றார். "தட்டு வரல. கூப்பிடல. கூப்பிடாம எங்கப்பா இந்தத் தூணைத் தாண்டினதில்லை. நானும் தாண்ட மாட்டேன். அதுக்காக நீ அதை ஒடிக்கறதையும் பாத்துண்டு நிக்க மாட்டேன்."

"அப்ப இன்னாதான் பண்றது?"

"அதை உள்ளே இருக்கறவளைக் கேளு."

அரோகரா சத்தம் தெரு முனைக்கு வந்துவிட்டது. மயில் பீலி அசைவதுகூடத் தெரிந்தது. காவடி தோளில் ஏறின பின் நினைத்த இடத்தில் இறக்க முடியாது. அத்தனை பேரும் பசியோடு வருகிறவர்கள்.

நான் கதவு இடுக்கில் குனிந்தேன். "தேவகி, கேட்டியா?"

"கேட்டுகினுதான் இருக்கேன்."

"இன்னா சொல்ற?"

உள்ளே வளையல் குலுங்குவது கேட்டது. பிறகு, "காஞ்சனாக்கா, தெருவுல மத்த கதவெல்லாம் எறக்கியாச்சா?" என்றாள்.

"மடத்துக்கு இன்னும் மொறை வரல. மத்ததெல்லாம் ஆச்சு. மூடி நிக்கிறது உன் வாசல்தான்."

"அந்தப் பொண்ணு வந்திருக்குதா? படம் எடுக்கிற பொண்ணு?"

"இங்கதான் நிக்குது."

"நம்ம தெரு வாசல் மூடியிருக்கிற மாதிரி படம் புடிச்சிடப் போவுது. எடுக்க வேணாம்னு சொல்லுங்க." அவள் குரல் மாறியது. "என் பொறுப்புல ஒரு பரணிக்கு இந்தத் தெருவுல கதவு மூடி நின்னுதுன்னு எவனும் பேசக் கூடாது. எனக்கு ரோஷம் இருக்குதுக்கா. ஆனா அது தெருவுக்கு மேல இல்ல. மாமியைக் கூப்பிடுங்க."

கதவின் அடி இடுக்கு வழியாக ஒரு தட்டு வெளியே வந்தது. வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், எங்கள் மண்டபத்துக் கதம்பம். தட்டைப் பிடித்த கை மட்டும் தெரிந்தது. கண்ணாடி வளையல்கள் கல்லில் உரசின.

இவள்தான் தட்டு எடுக்க மாட்டேன் என்றவள். அப்படியானால் தட்டு எப்படித் தயாராக இருந்தது? பிறகு கேட்டேன். "வெத்தலை வாடிடுமேன்னு எடுத்து வெச்சேன்," என்றாள்.

ஜம்பகம் மடத்து வாசலிலிருந்து இறங்கி வந்தாள். அவசரமே இல்லை. முந்தானையைச் செருகினாள். தட்டுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"என்ன வேணுமாம்?"

"எங்க கதவைத் தூக்க வாங்க," என்றது கதவுக்குப் பின்னாலிருந்து குரல்.

"யாரை?"

"மாமியைத்தான்."

"எந்த மாமியை? கஞ்சிப் பானை மாமியையா?"

"மாமி, எனக்குக் கை வலிக்குது. தட்டை வாங்கிகினு திட்டுங்க."

ஜம்பகம் சிரிப்பை அடக்கப் பார்த்தாள். அடங்கவில்லை. குனிந்து தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்டு, "ஏன்னா, நிக்கறேளே! கூப்பிட்டாச்சு, போங்கோ!" என்றாள்.

அம்பி தூணைத் தாண்டினார். மடப்பள்ளி ஆட்கள் பின்னால் வந்தார்கள். அண்டா தூக்கிப் பழகின தோள்கள். கதவை ஒரு கையால் தட்டிப் பார்த்தார், மாட்டைத் தட்டுவது போல.

"தேவகி, உள்ளே நீ ஒருத்திதானே? நான் சொல்லறச்சே அடிப்பக்கத்துல முதுகைக் குடுத்துத் தள்ளு."

"எங்க கதவை நாங்க தொடலாமா?"

"தூக்கத்தான் கூடாது. முதுகு குடுக்கலாம்."

"இது எந்த சாஸ்திரத்துல இருக்குது?"

"இப்ப நான் சொல்லற சாஸ்திரம். தள்ளும்மா!"

உள்ளேயிருந்து அவள் தள்ளினாள். வெளியே இருந்து அவர்கள் மெல்லத் தாங்கிக் கீழே உட்கார வைத்தார்கள். மேலே கல் பிடியைவிட்டது. கதவைப் பாதி திறந்தார்கள். "இப்போ!" என்றார் அம்பி. ஒரு சின்ன முனகல்கூட இல்லாமல் கதவு மேலே எழும்பி, அடிப்பக்கம் நகர்ந்து, நான்கு தோள்களில் படுத்தது. அதைப் பார்க்க எத்தனை வருஷமானாலும் எனக்கு அலுக்காது. அத்தனை கனம், காகிதம் போல வந்துவிடும்.

வாசலில் தேவகி நின்றாள். முதுகெல்லாம் தூசி.

மேளம் வெடித்தது. கண்ணையன் காவடியோடு வந்துவிட்டான். வியர்வை வழிந்தது. "பாவா, ரெடின்னியே, இப்பதான் கதவு போவுது?"

"உனக்குன்னு நிறுத்தி வெச்சேன். எறக்கறதை நீயும் பாக்க வேணாமா?" என்றான் துரைக்கண்ணு.

"தூ, பொய்யி," என்றாள் தேவகி. அதற்குள் கூடத்தில் செங்கல் மேல் கதவு படுத்துவிட்டது. மஞ்சள் துணி விரித்தாள். முதல் காவடி அதன் மேல் இறங்கியது. பின்னாலேயே மற்றவை. காவடிக்காரர்களோடு நுழைந்தவர்களில் அம்மையார்குப்பத்தார் யார், திருவாலங்காட்டார் யார், ரேணிகுண்டாவிலிருந்து ரயிலில் வந்தவர் யார், யாருக்குத் தெரியும்? யாரும் கேட்கவில்லை. கேட்பதற்கு அங்கே கதவு இல்லை.

"தேவகி," என்று ஜம்பகம் கூப்பிட்டாள். மடத்து வாசலில் நின்றிருந்தாள். அவள் கையில் வேறு ஒரு தட்டு, ஈரத்துணி போட்டு மூடியது. துணியை எடுத்தாள். வெற்றிலை கொழுந்து போல இருந்தது. விடிகாலையே அடுக்கி வைத்திருக்கிறாள்.

"எங்க கதவைத் தூக்க வாங்கோ."

தேவகி அந்தத் தட்டைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள்.

"என்ன பாக்கறே? எங்க கதவு மட்டும் தானாப் பறந்து போயிடுமா? நீங்க வரலைன்னா நாங்க யாரைக் கூப்பிடறது? காத்தாலேருந்து அடுப்பை ஒரு கண்ணாலயும் உன் வாசலை ஒரு கண்ணாலயும் பாத்துண்டிருக்கேன்."

"அடடா," என்றாள் தேவகி. "தெரிஞ்சிருந்தா இன்னும் கொஞ்ச நேரம் உள்ளாறயே குந்தினு இருந்திருப்பேனே! நீங்களே வந்திருப்பீங்க!"

"வந்திருப்பேன். நல்லவேளை, நீ முந்திண்டே."

துரைக்கண்ணு தன் ஆட்களை அழைத்துப் போனான். மடத்துக் கதவை முழுதாகச் சாத்தினான். கண்ணை மூடிக்கொண்டு தூக்குகிறவன் போலத் தூக்கினான். கதவு வந்துவிட்டது. "இதான் என் கதவு!" என்று கத்தினான். அம்பி பூசணிக்காயை மறந்துவிட்டுக் கைதட்டினார்.

தெரு முழுக்க ஒரு கதவில்லை. குளத்து முனையில் நின்றால் ஒவ்வொரு வாசலுக்குள்ளும் காவடிகளின் பீலியும், அடுப்புப் புகையும், விளக்கும் தெரிந்தன. சௌமியா படம் எடுத்துக்கொண்டே இருந்தாள். எடுத்து முடித்துவிட்டு என்னிடம் வந்தாள். பயந்துகொண்டே கேட்டாள்.

"பாட்டி, அந்தத் தூண் யாருதுன்னு..."

"அம்மா தாயே!" என்றாள் தேவகி.

"அதை மட்டும் கேக்காதே!" என்றாள் ஜம்பகம்.

"அப்ப அந்த இடத்துல நான் என்ன எழுதறது?"

இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள்.

"எந்தக் கதவை யார் தூக்குறாங்கன்னு எழுதிக்கோ," என்றாள் தேவகி. "அதுல எங்களுக்குச் சண்டை இல்ல. எல்லாருக்கும் தெரிஞ்சது அதான். அப்படி ஒரு தெரு வேற எங்கனா இருக்குதான்னு கேட்டுப் பாரு."

"இருக்காது," என்றாள் ஜம்பகம். பிறகு தூணைப் பார்த்தாள். "இருந்தாலும் அந்த மஞ்சள் கண்றாவியா இருக்கு, தேவகி."

"காவி மட்டும் ரொம்ப லட்சணமோ?"

"ரெண்டும் இல்லாம பச்சை அடிச்சா என்ன? மயில் பச்சைதானே?"

"அடிக்கலாம். யாரு அடிக்கிறது?"

அப்போது இருவரும் ஒரே சமயத்தில் என் மண்டபத்தைப் பார்த்தார்கள்.

"ஐயோ, என்னை வுடுங்கடி," என்றேன். "எதிர்ச்சாரியில எனக்கு என்ன வேலை?"

"தட்டு வெச்சுக் கூப்பிடறோம் காஞ்சனாக்கா," என்றாள் தேவகி. "அப்புறம் வராம இருக்க முடியாது."